புதுக் கட்டடம் வந்தும் நகரத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைவது ஏன்?

கேட்கப்பட்டது: "பாலக்காடு மாவட்டம், சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி. அரசுப் பள்ளிக்குக் கட்டடம், புரொஜெக்டர் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள். நகரத்து அரசுப் பள்ளியைத் திருத்துவது ஏன் எங்கேயும் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? பெற்றோரால் ஆகக்கூடியது என்ன?"

கட்டடத்துக்குப் பணம் தருவது ஒருவர், வாத்தியாரை அனுப்புவது வேறொருவர், கக்கூஸ் கழுவுவது யார் என்று எந்த உத்தரவிலும் இல்லை. நகரத்துப் பள்ளிச் சீர்திருத்தம் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சிக்கிக் கிடப்பது இந்த இடத்தில்தான். கட்டடம் திறப்பு விழாவோடு முடிந்துவிடும். வாத்தியார் கணக்கு வருஷா வருஷம் ஜூனில் புதிதாகத் தொடங்கும்.

கதை தொடங்குவது நம் பக்கத்தில்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள். பாலக்காட்டுக்காரர்கள் இதில் சண்டைக்கு வரவேண்டாம்.) பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறையை அவர் 'மெட்ராஸ் முறை' என்று லண்டனில் அச்சிட்டார். அதே வழியில் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் பள்ளி நடத்தினார். அவர் முறைப்படிதான் 1806-இல் நியூயார்க்கின் இலவசப் பள்ளி திறந்தது. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. நகரத்து ஏழைகளுக்கான பள்ளி பிறக்கும்போதே மலிவாகப் பிறந்தது. அந்த மலிவுப் புத்தி இன்றும் போகவில்லை.

பிறகு நியூயார்க்கில் நடந்ததெல்லாம் அதிகாரத்தை மேலும் கீழும் இழுத்த இழுப்பு. 1842-க்குப் பின் வார்டுகளுக்குக் கொடுத்தார்கள், 1896-இல் வார்டு ஆட்களிடமிருந்து பிடுங்கினார்கள், 1969 சட்டத்தால் வட்டாரக் குழுக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், 2002-இல் மேயர் கைக்குப் போனது. சிகாகோ 1988-இல் ஒரு நல்ல காரியம் செய்தது: தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி 11 பேர் குழு. பெற்றோர் 6, ஊர்க்காரர் 2, ஆசிரியர் 2, தலைமையாசிரியர் 1. ஹெச்.எம்.மை நான்கு வருஷ ஒப்பந்தத்தில் அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கும். நம் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்துக்கு (பி.டி.ஏ.) அதில் பத்தில் ஒரு பங்கு அதிகாரம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு குழுவை மீறி நின்றது. பள்ளி திறந்து 20-ஆவது நாள் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி, அதைப் பொறுத்து ஆசிரியர்களை ஒதுக்கினார்கள். 2013-இல் பணமும் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று மாறியது. பிள்ளை குறைந்த பள்ளிக்குப் பணம் குறையும். பணம் குறைந்தால் பாட்டு வாத்தியாரும் நூலகரும் போவார்கள். அவர்கள் போனால் இன்னும் பிள்ளைகள் போவார்கள். அதே 2013-இல் ஐம்பது பள்ளிகள் வாக்கில் மூடப்பட்டன.

கேரளத்தில் 20-ஆவது நாள் அல்ல, ஆறாவது வேலை நாள். அன்று 'சம்பூர்ணா' என்ற பள்ளிப் பதிவுத் தளத்தில் ஆதார் எண்ணோடு சரியாக ஏறியிருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் ஸ்டாஃப் ஃபிக்சேஷன், அதாவது எத்தனை வாத்தியார் என்ற நிர்ணயம். எல்.பி.யில் (1 முதல் 4 வரை) 30 பேருக்கு ஒரு வாத்தியார், யு.பி.யில் (5 முதல் 7 வரை) 35 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஒன்றாம் வகுப்பில் 31 பிள்ளைகள் என்றால் இரண்டு டிவிஷன். ஒரே ஒரு பிள்ளை கூடலூரிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் பாட்டி வீட்டிலிருந்து வர நான்கு நாள் தாமதமானால், அல்லது ஆதாரில் பெயர் பொருந்தாமல் போனால், 30. ஒரே டிவிஷன்தான், ஒரு போஸ்ட் போய்விடும். இருந்த வாத்தியார் வேறு பள்ளிக்கு. முப்பது பிள்ளைகளும் ஒரே அறையில். அடுத்த வருஷம் அதைப் பார்த்துப் பயந்து ஐந்து பிள்ளைகள் தனியார் பள்ளி வேன் ஏறுகிறார்கள். சிகாகோவில் நடந்ததேதான், அளவு மட்டும் சின்னது.

சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா என்று கேட்பது வழக்கம். இரண்டு பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. இரண்டு மாநிலமும் போன வழிதான் வேறு.

கேரளம் 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியது. கிஃப்பி (கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியம்) பணத்தில் தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி, அதற்குக் கீழே 3 கோடி, 1 கோடி வரிசைகள். 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஒலிபெருக்கி. இதற்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படுவது கோழிக்கோடு நடக்காவு பெண்கள் பள்ளி. எம்.எல்.ஏ. பிரதீப் குமார் முன்னெடுக்க, ஒரு தனியார் அறக்கட்டளை பணம் போட, 2013-இல் அடியோடு மாறியது. கேரளப் பாதையின் பலம், வேலையைச் செய்யத் தனி அமைப்பு இருந்தது. கருவிகளுக்கு 'கைட்' என்று ஒரு நிறுவனம், அதோடு 'லிட்டில் கைட்ஸ்' என்று உயர்நிலைப் பிள்ளைகளின் குழு. வாரத்துக்கு ஒருமுறை புரொஜெக்டரைத் துடைத்து வயரைச் சரிபார்க்கப் பிள்ளைகளே இருக்கும் பள்ளியில் கருவி நிலைக்கிறது. பீரோவில் பூட்டிச் சாவியை ஒரே ஆசிரியர் வைத்திருக்கும் பள்ளியில், அவர் மாற்றலாகிப் போகிற அன்றைக்குக் கருவியும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆந்திரம் 2019 நவம்பரில் 'மனபடி நாடு-நேடு' தொடங்கியது. முதல் கட்டத்தில் 15,700-க்கும் மேற்பட்ட பள்ளிகள். தண்ணீரோடு கழிவறை, குடிநீர், விசிறி-விளக்கு, பெஞ்சு, பச்சைப் பலகை, பெயின்ட், மதில் என்று கூறு கூறாகப் பட்டியல் போட்டு, கான்ட்ராக்டர் இல்லாமல் பெற்றோர் குழுவின் கணக்கிலேயே பணம் போட்டார்கள். மணலும் சிமென்டும் குழு வாங்கும். பெஞ்சும் விசிறியும் மாநில அளவில் மொத்தமாக வாங்கப்படும். என் கணிப்பில் இது கேரள வழியைவிட நேர்மையான ஏற்பாடு, ஏனென்றால் கதவு தரமில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெருவுக்கே தெரியும். ஆனால் 2022-இல் அரசாணை 117 வந்து, பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு 3, 4, 5 வகுப்புகளைத் தூக்கிக்கொண்டு போனது. புதிதாகப் பெயின்ட் அடித்த தொடக்கப் பள்ளியில் ஒன்றும் இரண்டும் மட்டும் மிச்சம். எட்டு வயதுப் பிள்ளையை மெயின் ரோடு தாண்டி அனுப்பத் தாய்மார் தயங்கினார்கள். 2025-இல் அடுத்த அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. கட்டடத்தையும் வகுப்பு அமைப்பையும் இரண்டு கை தனித்தனியாக இழுத்தால் இப்படித்தான்.

ஒரு விஷயத்தில் ஆந்திரம் முன்கூட்டியே யோசித்தது: கழிவறை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு 15,000 ரூபாய் தந்த 'அம்மா ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9 அன்று அந்தச் சித்தூரில்தான் தொடங்கியது. அடுத்த வருஷம் அதில் 1,000 ரூபாயைக் கழிவறைப் பராமரிப்பு நிதிக்கு என்று பிடித்துக்கொண்டு 14,000 போட்டார்கள். திட்டியவர்கள் உண்டு. ஆனால் கட்டிய கழிவறைக்குக் கழுவ ஆள், பினாயில், பிரஷ் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது சொன்னார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை, சிறுநீர் கழிக்க மூன்று தடுப்பு என்பது தேசிய அளவுகோல். 120 பெண் பிள்ளைகள் என்றால் 3 கழிவறை, 9 தடுப்பு, ஆக 12 இடம். பத்து நிமிஷ இன்டர்வெல்லில் இடத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம். எல்லாம் திறந்திருந்தால்கூட இறுக்கம்தான். இப்போது ஒரு கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் ஏறவில்லை, ஒன்றை 'ஸ்டாஃப்' என்று பூட்டிவிட்டார்கள். மிச்சம் 9. பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மத்தியானம் தலைவலி என்று படுக்கிறது. ஆறாம் ஏழாம் வகுப்பில் அம்மா பள்ளியை மாற்றுவதற்குப் பின்னால் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்து நிமிஷத்தை ஒருநாள் நின்று பார்க்கட்டும். பிளாஸ்டிக் குழாய்த் தலை ஒரு பருவம்கூடத் தாங்காது. பித்தளை போடுங்கள். டாங்கிலிருந்து கழிவறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் தனித்தனி வால்வு இருக்கட்டும், ஒன்றில் ஒழுகினால் மற்றதையும் மூட வேண்டியதில்லை.

இனி தமிழ் மீடியம். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அப்பா, எட்டாம் வகுப்பைப் பார்த்துத்தான் சேர்க்கிறார். கேரளத்தில் எல்.பி. 4-ஆம் வகுப்போடும் யு.பி. 7-ஆம் வகுப்போடும் முடிகின்றன. இரண்டு இடத்திலும் பாலம் வேண்டும். பக்கத்து யு.பி.யில் தமிழ் டிவிஷன் இல்லை, உயர்நிலையில் தமிழில் கணக்குச் சொல்ல வாத்தியார் இல்லை என்று தெரிந்தால், "எப்படியும் மாறத்தானே போகிறது, இப்போதே மலையாளத்தில் போடுவோம்" என்கிறார். அது புத்திசாலித்தனமான முடிவுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு நேர் மாறான இழுப்பு கிழக்கிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலைச் சிற்றுண்டி. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் குடும்பத்தையே சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளும் யோசனை வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த இடஒதுக்கீட்டுக்குப் பள்ளி மட்டும் மாறினால் போதுமா, இருப்பிடச் சான்றும் வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் மாறுகிறவர்கள் பிளஸ் டூ முடியும்போது மாட்டுகிறார்கள்.

தமிழ் மீடிய ஆசிரியர் இல்லாமைக்குக் காரணம் பெரும்பாலும் ஆள் இல்லாமை அல்ல, காகிதம் நகராமை. கேரள அரசுப் பணித் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தமிழ் மீடியத்துக்கு என்று தனிப் பிரிவில், மாவட்ட வாரியாகத் தேர்வு வைக்கிறது. ரேங்க் லிஸ்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம் உயிர். அந்தக் காலத்துக்குள் காலியிடத்தைத் துறை பி.எஸ்.சி.க்கு ரிப்போர்ட் செய்யாவிட்டால் லிஸ்ட் செத்துவிடும், பிறகு தினக்கூலி ஆசிரியர்தான். ஆகவே "டீச்சர் வேண்டும்" என்று மனு எழுதாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட தமிழ் மீடியப் போஸ்ட் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் பி.எஸ்.சி.க்கு ரிப்போர்ட் செய்யப்பட்ட தேதி என்ன. 30 நாளில் பதில் வரவேண்டும். தேதிக் கட்டம் காலியாக வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்துவிடும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளிகள் தொண்ணூறுகளிலேயே நகராட்சிக்கு மாற்றப்பட்டவை. ஓடு, மதில், கழிவறை எல்லாம் கவுன்சிலர் வேலை, சாலை அல்லாத மெயின்டெனன்ஸ் நிதியில் வரும். சம்பளம், மாற்றல், நியமனம் துறையின் வேலை, அதற்கு எல்.பி., யு.பி. என்றால் உதவிக் கல்வி அலுவலரிடம் (ஏ.இ.ஓ.) போங்கள், உயர்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (டி.இ.ஓ.). எயிடட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளி என்றால் சட்டமே வேறு. 1957-இல் கல்வி அமைச்சர் முண்டசேரி கொண்டுவந்த மசோதாவும் அதைத் தொடர்ந்து அரசை எதிர்த்து நடந்த விமோசன சமரமும் ஊரறிந்த கதை. அதன் பிறகும் சம்பளம் அரசு, நியமனம் மேனேஜர் என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் அந்தக் குழுதான். எயிடட் பள்ளியில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அதே குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். எந்தப் பள்ளி என்று பார்க்காமல் தீர்மானம் போட்டால் ஃபைல் ஏறாது.

நகராட்சியிடம் கேட்பதற்கும் பருவம் உண்டு. வார்டு சபையில் எழுத்தில் வைத்த கோரிக்கை, வொர்க்கிங் குரூப், கவுன்சில், மாவட்டத் திட்டக் குழு என்று ஏறி, மார்ச் 31-க்குள் பணம் செலவாக வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தபின் ஓடு ஒழுகுகிறது என்று ஓடினால் அந்த வருஷம் தார்ப்பாய்தான்.

பிள்ளை சேர்க்கும் வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். அங்கன்வாடியில் இந்த வருஷம் முடிக்கும் பிள்ளைகளின் பட்டியல் டீச்சரிடம் இருக்கும். தமிழ் வீடுகளில் வழக்கமாக இடிக்கும் இடம் இன்ஷியல். பிறப்புச் சான்றில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் செல்வம்', ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் இன்னொன்று. 'தமிழரசி'யின் ழகரம் ஆங்கிலத்தில் மூன்று விதமாக வரும். பிப்ரவரி, மார்ச்சிலேயே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆதாரைத் திருத்தக் கொடுத்துவிட வேண்டும். மே மாதம் அக்ஷயா என்ற இ-சேவை மையத்தில் வரிசை தெருவரை நிற்கும். வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு டி.சி. தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஹெச்.எம். தயங்கினால் அந்தப் பிரிவை எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஆறாவது வேலை நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஆபீசில் உட்கார்ந்து, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளையும் சம்பூர்ணாவில் சரியாக ஏறி நிற்கும் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.