மொத்த டன் சரி, பிளாக் எங்கே?

சுரங்கத் திட்டமிடல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், புவியியல் குழு கொடுத்த பிளாக் மாடலை (நிலத்தடிப் பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டும் மாதிரி)த் திட்டமிடல் மென்பொருளில் ஏற்றினேன். சிஎஸ்வி கோப்புதான், பிளாக் அளவு 10 × 10 × 5 மீட்டர். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, மொத்த டன்னும் அவர்கள் அறிக்கையோடு ஒத்துப்போகிறது. ஆனால் தரைப்பரப்பை மேலே போட்டுப் பார்த்தால் மேல்வரிசை பிளாக்குகள் சுமார் இரண்டரை மீட்டர் அந்தரத்தில் நிற்கின்றன. ஏன்?

பதில்: அந்த இரண்டரை மீட்டர்தான் துப்பு. உங்கள் பிளாக்கின் உயரத்தில் அது சரிபாதி. கோப்பில் இருப்பது பிளாக்கின் மையப்புள்ளி. மென்பொருள் அதைக் கீழ்மூலை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. மேலே ஏறியது மட்டுமல்ல, கிழக்கே 5 மீட்டரும் வடக்கே 5 மீட்டரும் தள்ளிப் போயிருக்கும். அது கண்ணில் படாது. அந்தரத்தில் நின்றதால் தப்பித்தீர்கள்.

மொத்த டன் பொருந்துகிறதே என்றால், பொருந்தத்தான் செய்யும். நம் வீட்டுச் சாமான்களை எல்லாம் பக்கத்து வீட்டில் இறக்கி வைத்தாலும் எண்ணிக்கை குறையாதே!

நானும் இதில் விழுந்தவன்தான். அப்போது தரைப்பரப்பை மேலே போட்டுப் பார்க்கவே இல்லை. பெஞ்ச் (குழியில் படிப்படியாக வெட்டும் தளம்) பிளான் போட்டு, தாது எல்லையைக் களத்தில் குறித்துக் கொடியும் நட்டாயிற்று. வெடிதுளை மாதிரிகளின் முடிவு வர வர ஒரே விநோதம். வடகிழக்கு ஓரத்தில் எப்போதும் வெறும் கல். தென்மேற்கு ஓரத்தில், கழிவு என்று நாங்கள் ஒதுக்கிய இடத்தில், தாது. இரண்டு வாரம் மாதிரி எடுத்த பையன்களைத் திட்டித் தீர்த்தோம், பாவம். கடைசியில் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்த்தேன்: 1005, 2005, 102.5. எங்கள் பெஞ்ச் மட்டங்களோ 100, 105, 110 என்று போகின்றன. எந்தப் பெஞ்சின் தரையும் 102.5-இல் கிடையாது. அந்தப் புள்ளி ஐந்து முதல் நாளிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? ஆரிஜின் (மாடல் தொடங்கும் புள்ளி) கேட்கும் இடத்தில், கோப்பிலுள்ள மிகச்சிறிய எக்ஸ், ஒய், இசட் மதிப்புகளிலிருந்து அரை பிளாக் கழித்துக் கொடுங்கள். என் கோப்புக்கு 1000, 2000, 100. ஆனால் எல்லா மென்பொருளும் மூலையையே கேட்பதில்லை. டேட்டாமைனில் ஆரிஜின் என்பது மாடலின் மூலை, ஒவ்வொரு பிளாக்குக்கும் கொடுக்கும் எக்ஸ், ஒய், இசட் மதிப்போ அந்தப் பிளாக்கின் மையம். ஜிஎஸ்லிப் முறையில் ஆரிஜினே முதல் பிளாக்கின் மையம்தான். சர்பாக்கின் ஸ்ட்ரிங் கோப்புகளில் ஒய் முதலில் வரும், எக்ஸ் பிறகு; அந்தப் பழக்கத்தில் எழுதிய சிஎஸ்வியைக் கவனிக்காமல் ஏற்றினால் தாது உடல் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டு நிற்கும். மாடல் சுழற்றப்பட்டிருந்தால் எத்தனை டிகிரி, எந்த அச்சில், எந்தப் பக்கமாக என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக வாங்கினால் பிறகு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஏற்றிய பிறகு, தரம் (கல்லில் உள்ள உலோகத்தின் அளவு) அதிகமுள்ள மூன்று பிளாக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியாகக் குறுக்குவெட்டு போட்டு, துரப்பணத் துளைகளையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல தரம் வந்த துளையின் மீது நல்ல பிளாக் உட்கார்ந்திருக்கிறதா? இதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

கேள்வி: எங்களுக்கு மொத்த டன்னே பல மடங்கு எகிறிவிட்டது. மாடலில் சப்-பிளாக் (பிளாக்கை மேலும் வெட்டிய சிறு துண்டு) உண்டு.

பதில்: உங்கள் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பிளாக் அளவு சொல்லும் பத்திகள் இருக்கும். அவற்றை இணைக்காமல் விட்டிருக்கிறீர்கள். 10 × 10 × 5 பிளாக்கை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 62.5 கனமீட்டர். மென்பொருள் எட்டையும் முழு 500 கனமீட்டராக எண்ணினால் அந்த இடத்தில் எட்டு மடங்கு வரத்தானே செய்யும்? உங்கள் மென்பொருள் சப்-பிளாக்கையே ஏற்காது என்றால் முழு பிளாக்காகச் சேர்க்க வேண்டும். அப்போது தரத்தை வெறும் சராசரியாக எடுக்காதீர்கள், டன்னைக் கொண்டு எடையிடுங்கள். பாதி பிளாக் 2 சதவீதத் தாது, அடர்த்தி 3.0, மீதிப் பாதி தரமே இல்லாத கல், அடர்த்தி 2.5 என்றால் வெறும் சராசரி 1 சதவீதம். எடையிட்டால் 1.09. அடர்த்திக்கு மட்டும் கன அளவால் எடையிட வேண்டும்.

கேள்வி: தரப் பத்தியில் நிறைய இடங்களில் மைனஸ் 99 இருக்கிறது. பூஜ்ஜியம் ஆக்கிவிடலாமா?

பதில்: அப்படியே விட்டால் ஆபத்து என்பது உண்மைதான். 1.2 தரமுள்ள 99 பிளாக்குகளோடு ஒரே ஒரு மைனஸ் 99 சேர்ந்தால் சராசரி 0.198-க்கு விழும். ஆனால் பூஜ்ஜியம் என்பதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: 'பார்த்தோம், ஒன்றும் இல்லை.' மைனஸ் 99 சொல்வது 'மதிப்பிடவே இல்லை' என்பதை. எது எதுவாகும் என்பதைப் புவியியலாளர் முடிவு செய்யட்டும், நீங்களாக மாற்ற வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது அடர்த்திப் பத்தியில் இருக்கும் மைனஸ் 99-ஐப் பார்த்துத்தான். அதைப் பூஜ்ஜியம் ஆக்கினால் அந்தக் கல்லுக்கு எடையே இல்லை. அப்புறம் பிட் ஆப்டிமைசேஷன் (எதுவரை தோண்டினால் லாபம் அதிகம் என்று தேடும் கணக்கு) ஓட்டினால், அந்தக் கல்லை எடுக்கச் செலவே இல்லை என்று கணக்குப் போட்டு, குழியை ஆழமாகத் தோண்டிக் காட்டும். லாபமும் அமோகமாக வரும். சில குழுக்கள் தாது பிளாக்குகளை மட்டும் அனுப்பிவிட்டுக் கழிவை விட்டுவிடுவார்கள். அதுவும் இதே கதைதான்: காலியிடம் காற்று. தரைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பிளாக்குக்கும் பாறை வகையும் அடர்த்தியும் இருக்கிறதா என்று வடிகட்டிப் பார்க்காமல் ஆப்டிமைசேஷன் பட்டனைத் தொடாதீர்கள்.

கேள்வி: 14 லட்சம் பிளாக் மாடல். பத்திப் பெயர்களை மாற்ற எக்செல்லில் திறந்து சேமித்தேன். இப்போது மாடலின் ஒரு பக்கத்தையே காணோம்.

பதில்: எக்செல் தாளில் 10,48,576 வரிகள்தான் உண்டு. கோப்பு முழுதாக ஏறவில்லை என்ற எச்சரிக்கை வந்திருக்கும், நாம்தான் படிக்காமல் சரி என்று அழுத்துவோம். சேமித்ததும் மீதி போயே போச்சு. மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்ற டெக்ஸ்ட் எடிட்டர் போதும், முதல் வரியைத் தவிர எதையும் தொட வேண்டாம்.