எரிமலைப் பாறையையும் மணற்கல்லையும் கையில் வைத்தே பிரித்தறிய முடியுமா?

மகளின் பள்ளி ஒப்படைக்காக பசால்ட் என்ற எரிமலைப் பாறையையும் மணற்கல்லையும் ஒப்பிட வேண்டும், கல்லைக் கையில் வைத்து எப்படி அடையாளம் காண்பது, யாழ்ப்பாணத்தில் இவை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் வருவது அதுதான். பழைய மதில்களிலும் அதைப் பார்க்கலாம், கடலோரமென்றால் முருகைக்கல். மணற்கல் பார்க்க வேண்டுமென்றால் புத்தளம் பக்கம் தப்போவைக்குப் போக வேண்டும். அங்கே டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலத்து மணற்கல் இருக்கிறது, செடிகளின் தொல்லெச்சங்களோடு. எரிமலையோ இலங்கையில் இல்லை. "வீட்டு அம்மி கறுப்பாகத்தானே இருக்கிறது, அது பசால்ட் இல்லையா சேர்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். வன்னியிலிருந்து வரும் கருங்கல் பெரும்பாலும் உருமாறிய பாறை. நிலத்துக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது. உடைந்த முகத்தை வெயிலில் பிடித்தால் வரிவரியாகவும் பளபளப்பாகவும் தெரியும். அதனால் நிறத்தை வைத்து முடிவு கட்டவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: துணிக்கைகள் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன? பசால்ட், 1,000 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெளியே வந்த லாவா குளிர்ந்து இறுகியது. இறுகும்போதே பளிங்குகள் (படிகங்கள்) ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வளர்ந்துவிடுகின்றன. ஒட்டுவதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை. வேகமாகக் குளிர்ந்ததால் பளிங்குகள் மிகச் சிறியவை, கைவில்லையில் (சிறிய பூதக்கண்ணாடியில்) கூடப் பெரும்பாலும் தெரியாது. மணற்கல் அப்படியல்ல. அதிலுள்ள ஒவ்வொரு மணியும் முன்பு வேறொரு பாறையில் இருந்தது. ஆறோ காற்றோ கடலோ உருட்டிக்கொண்டு வந்து படிய வைத்தது. பிறகு நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்காவோ கல்சைற்றோ இரும்பு ஒட்சைட்டோ இடைவெளியில் புகுந்து ஒட்டியது. எள்ளுருண்டையில் எள்ளும் பாகும் இருக்கிற மாதிரி. மணியின் அளவு ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றரிலிருந்து 2 மில்லிமீற்றர் வரை, ஆகவே கைவில்லையில் தனித்தனியாகத் தெரியும்.

மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். மணிகளுக்கு இடையில் வெற்றிடம் இருப்பதால் மணற்கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டால் பொதுவாக உறிஞ்சிவிடும். இறுக்கமான பசால்ட்டில் அப்படியே நிற்கும். ஒட்டு பலவீனமாக இருந்தால் விரலால் தேய்க்கும்போதே மணல் உதிரும். பசால்ட் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.8 முதல் 3 கிராம் வரை கனக்கும், மணற்கல் 2.2 முதல் 2.6 வரை. ஆனால் பாரத்தை மட்டும் நம்பாதீர்கள். லாவாவிலிருந்த வாயு வெளியேறிய குமிழ்த் துளைகள் நிறைய இருந்தால் பசால்ட்டும் லேசாகிவிடும். சிலிக்காவால் ஒட்டிய மணற்கல்லோ தேய்த்தாலும் உதிராது, அவ்வளவு உறுதி.

இரண்டையும் பெரிய அளவில் பார்க்க இந்தியக் குடைவரைகளைவிட நல்ல படம் இல்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண லாவாவில், அதாவது பசால்ட்டில் குடைந்தது. கர்நாடகத்து வாதாபியில் (பாதாமி) 6ஆம் நூற்றாண்டுச் சாளுக்கியர் குடைந்தது செம்மணற்கல்லில். வாதாபிப் படங்களில் பாறையின் படைகள் (அடுக்குகள்) கோடு கோடாகத் தெரியும். அந்தச் சிவப்பு நிறம் இரும்பு ஒட்சைட் தந்தது. இரண்டு படங்களையும் ஒப்படையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

கல் கிடைக்காவிட்டாலும் மணற்கல் உருவாகும் முதல் கட்டத்தை நம் ஊரிலேயே காட்டலாம். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகளுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காற்று மணலைச் சரிவில் கொட்டிக் கொட்டி அடுக்குகிறது. மேட்டின் பக்கம் சரிந்த இடத்தில் சாய்வான மெல்லிய கோடுகள் தெரிந்தால் படம் எடுங்கள். பழைய பாலைவன மணற்கற்களில் குறுக்குப் படையாக்கம் என்று பாடநூல் சொல்வது இதே கோடுகள் கல்லாகிப் போனதைத்தான். கொஞ்சத் தூரத்தில் அம்பன், நாகர்கோவில் பக்கம் வெள்ளை வெளேரென்று சிலிக்கா மணல் இருக்கிறது. அதில் ஒரு கைப்பிடி எடுத்துக் கைவில்லையில் பார்த்தால் மணிகள் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கையும் எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர் கேட்கக்கூடும். எரிமலைச் சாம்பல் காற்றில் பறந்து வந்து படிந்து இறுகினால் ரஃப் (tuff) என்ற பாறை உண்டாகும். எரிமலையிலிருந்து வந்ததுதான், ஆனால் மணற்கல்லைப் போலவே படைபடையாக இருக்கும். கைவில்லையில் உருண்டு தேய்ந்த மணிகளுக்குப் பதிலாகக் கூரான கண்ணாடிச் சில்லுகளும் உடைந்த பளிங்குகளும் தெரிந்தால் ரஃப் என்று சந்தேகப்படலாம்.