அம்மாவின் முட்டியைவிடச் சாப்பாடுதான் சிக்கல்

அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலி, சுத்த சைவம். ஜப்பானின் செட்டோ உள்கடலில் சிறுகப்பல் பயணம் ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். ஒத்துவரும்.

கப்பலில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சைவம் கிடைத்துவிடும். கரையில் இறங்கினால்தான் வம்பு. ககாவா மாவட்டத்து சனுகி ஊடோனைப் பாருங்கள்: தடித்த கோதுமை நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள், தெளிந்த சாறு. பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டில் இறக்கியது. வேறு கடைகளில் சூரைக் கருவாட்டுச் சீவல். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் இதெல்லாம் கணக்கில் வராது. “தாஷியில் மீன் வேண்டாம், கொம்பு மட்டும் போதும்” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். (தாஷி என்பது அந்தச் சாறு; கொம்பு என்றால் கடற்பாசி, பயப்படாதீர்கள்!) பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல் கிடைத்தால் விடாதீர்கள், அது மரக்கறிதான்.

அப்புறம் படிகள். கொதோஹிரா ஊரின் கொம்பிரா கோயில் மூலக்கட்டடத்துக்கே 785 படி, உள்சன்னதி வரை 1,368. நீங்கள் ஏறுங்கள், அம்மா அடிவாரக் கடைத்தெருவில் இருக்கட்டும். மியாஜிமா தீவில் அந்தத் தொல்லை இல்லை, கரையோரம் சமதரை. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் கடலில் நிற்கும் தோரணவாயிலின் அடிவரை நடக்கலாம்.

பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: எந்தெந்த ஊரில் கப்பலைத் துறையிலேயே கட்டுவார்கள், எங்கே சிறுபடகில் இறக்குவார்கள்? ஆடும் படகில் கால் மாற்றி வைப்பதுதான் முட்டிக்குக் கஷ்டம்.