நூலகரிடம் கேளுங்கள்: மெல்லிய புத்தகங்களும் தலைப்புகளும்

கேள்வி: மிஸ், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் ஒரு ஏ4 தாளை மடித்து, எட்டுப் பக்கச் சின்னப் புத்தகமாக்கி, போட்டோகொப்பி எடுத்துப் பகிர்கிறார்கள். விடுதி வாழ்க்கை, மாதவிடாய், வீட்டில் சொல்ல முடியாத கோபம் எல்லாம் அதில் இருக்கிறது. புத்தகத்துக்குக் கொடுக்கும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். இல்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. நூலகம் இதை எடுக்குமா? (ஆசிரியை, கல்முனை)

பதில்: எடுக்க வேண்டும் டீச்சர். ஐ.எஸ்.பி.என். இருந்தால்தான் பதியலாம் என்று எந்தப் பட்டியலாக்க விதியும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் செய்வதை வெளிநாடுகளில் ஸீன் என்பார்கள். 1930களில் அமெரிக்காவின் விஞ்ஞானக் கதை இரசிகர்கள் தாங்களே எழுதி, தாங்களே படியெடுத்து, தங்களுக்குள் மாற்றி வாசித்ததிலிருந்து வந்த பழக்கம் அது. நம்மிடமும் கையெழுத்துச் சஞ்சிகைகள் இருந்தன, ரோனியோ என்ற படியெடுக்கும் இயந்திரத்தில் ஓட்டிய இதழ்கள் இருந்தன; அவற்றில் எவ்வளவோ இன்று கிடைப்பதில்லை, அந்தக் கவலையோடுதான் சொல்கிறேன். நியூயோர்க்கில் பார்னார்ட் கல்லூரி நூலகம் பெண்கள் எழுதிய ஸீன்களைத் தேடிச் சேர்க்கிறது. முடிந்தவரை ஒரு பிரதி பாதுகாப்புக்கு, இன்னொரு பிரதி வாசகர் எடுத்துப் படிக்க. மற்றப் புத்தகங்கள் இருக்கும் அதே பட்டியலில் இவையும் இருக்கின்றன, முக்கியமான விடயம் அதுதான்.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கடைசிப் பக்கத்தில் ஊர், மாதம், ஆண்டு போடட்டும். பெயர் புனைபெயராகவே இருக்கட்டும், நூலகமும் அதைத்தான் ஆசிரியர் பெயராகப் பதிய வேண்டும். உண்மைப் பெயரைத் துருவிக் கண்டுபிடித்து எழுதினால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: சுனாமி பற்றி நம் ஊர் ஆட்கள் எழுதிய சின்னப் பிரசுரங்கள் இருக்கின்றன என்று தெரியும். நூலகப் பட்டியலில் தேடினால் ஒன்றும் வரவில்லை, அங்கே வேலை செய்யும் ஒருவரைக் கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார். ஏன் இப்படி? (மாணவர், ஏறாவூர்)

பதில்: அவர் ஓய்வு பெற்றுப் போனால் என்ன ஆகும் தம்பி? எனக்கு இரவில் நித்திரை வராமல் செய்கிற கேள்வி இது.

பல இடங்களில் மெல்லியதையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, 'பிரசுரங்கள்' என்று ஒரே தலைப்பை ஒட்டிவிடுகிறார்கள். தலைப்பு என்று நான் சொல்வது புத்தகத்தின் பெயரை அல்ல, பட்டியலில் பொருளைத் தேட நூலகம் கொடுக்கும் சொல்லை. அது அந்தப் பொருளின் வடிவத்தைச் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. உதாரணத்துக்கு என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். கரையோரக் கிராமம் ஒன்றின் பெண்கள் முகாமில் இருந்தபோது செய்தது, அட்டை கூட இல்லை. நடுப் பக்கத்தை விரித்தால் பேனையால் கீறிய படம்: அலை வருவதற்கு முன் யாருடைய வளவு எங்கே இருந்தது, கிணறு எது, கோயிலுக்குப் போகும் ஒழுங்கை எது என்று. ஓரத்தில் போனவர்களின் பெயர்கள். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. காணி எல்லையைத் தேடி வருகிறவருக்கும், பேத்தியின் பெயரைத் தேடி வருகிற அம்மம்மாவுக்கும் இந்த ஒரு பக்கம்தான் ஆதாரமாக இருக்கலாம். ஆகவே இதற்குச் 'சுனாமி, 2004' என்று ஒரு தலைப்பு, ஊரின் பெயர் ஒன்று, 'நிலவரைபடங்கள்' ஒன்று, 'இடம்பெயர்ந்த பெண்கள்' ஒன்று. அப்புறம், புத்தகங்களில் ஆழிப்பேரலை, கடற்கோள் என்றெல்லாம் எழுதுவார்கள், எங்களிடம் வந்து கேட்கிறவர்கள் சுனாமி என்றுதான் கேட்கிறார்கள். எனவே தலைப்பு சுனாமி. மற்றச் சொற்களில் தேடினால் 'சுனாமி பார்க்க' என்று வர வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு நாலு தலைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கம் குறைந்தால் தேவை குறையாது.

கேள்வி: கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குப் பாடல் புத்தகத்துக்கு, நூலகத்தில் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண் எது? (வாசகர், காரைதீவு)

பதில்: இந்து சமயம் என்றால் 294.5, நாட்டார் வழக்கு என்றால் 398, தமிழ்க் கவிதை என்றால் 894.8111. டூயி 1876இல் செய்த பகுப்பில் சமயத்துக்கான 200இன் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு, மற்றச் சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருங்கிக் கிடக்கின்றன. நான் 294.5இல் வைப்பேன், ஏனென்றால் வைகாசியில் கோயிலுக்காகத்தான் தேடி வருவார்கள். இறாக்கையில் ஒரு புத்தகத்துக்கு ஒரு இடம்தான், தலைப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மூன்றையும் கொடுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இல் எழுதினார் நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன். அவர் பிறந்த 1892இல்தான் உங்கள் ஊரில் விபுலாநந்த அடிகளும் பிறந்தார், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோசம்.

கேள்வி: எங்கள் அம்மாவின் ஆட்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு நூலகத்தில் எங்களைப் பற்றிய புத்தகங்கள் 'இந்தியத் தமிழர்' என்ற தலைப்பில் இருக்கின்றன. மனம் நோகிறது. மாற்றச் சொல்லலாமா? (வாசகி, செங்கலடி)

பதில்: சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். மலையகத் தமிழர் என்று உங்கள் மக்கள் தங்களைச் சொல்லும்போது நூலகம் வேறு பெயரைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமில்லை. பழைய தலைப்பை அழிக்க வேண்டாம், அதில் தேடுகிறவரையும் புதியதற்கு அனுப்பினால் சரி. அமெரிக்காவில் குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று குறித்த தலைப்பை மாற்றக் கோரி டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் தொடங்கினார்கள். மாற்றுவதாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2016இல் அறிவித்தது, அரசியல்வாதிகள் குறுக்கே விழுந்தார்கள், கடைசியில் 2021இல்தான் அது நடந்தது. அந்த நூலகத்தின் தலைப்புப் பட்டியல் உலகம் முழுக்க எடுத்தாளப்படுவது என்பதால் அவ்வளவு இழுபறி. நம் ஊர் நூலகம் தன் பட்டியலில் மாற்ற ஒரு நல்ல நூலகரும் ஒரு பின்னேரமும் போதும்.

கேள்வி: பழைய சஞ்சிகைகளில் தாள்களைக் கோத்திருக்கும் கம்பிப் பின் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், கல்லடி)

பதில்: வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், துரு பிடிக்கத்தான் செய்யும். பின்னை மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, அதே ஓட்டைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் ஒட்டவே வேண்டாம். போட்டோகொப்பிப் பக்கங்களை பி.வி.சி. உறையில் போடாதீர்கள், எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காகித உறை நல்லது.