வராத மாணவிக்கு எப்படி இருபது மதிப்பெண்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை மூடுல் என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் பதிகிறோம். தலா 50 மதிப்பெண்ணுக்கு இரண்டு தேர்வுகள் நடத்தி, 25க்குச் சுருக்குகிறோம். முதல் தேர்வில் 40, இரண்டாவதில் 30 வாங்கிய மாணவிக்கு 17.5 என்று காட்டுகிறது. முதல் தேர்வில் அதே 40 வாங்கிவிட்டு இரண்டாவதற்கு வராமல் போனவளுக்கு 20 என்று காட்டுகிறது. மென்பொருள் பழுதா? துறைத் தலைவருக்கு நான் என்ன விளக்கம் எழுதுவது?
— உதவிப் பேராசிரியை ஒருவர், குரோம்பேட்டை

பதில்: பழுது இல்லை, அம்மா. நீங்கள் கட்டத்தைக் காலியாக விட்டீர்கள்; மூடுல் அந்தத் தேர்வே அவளுக்கு இன்னும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டது. எழுதிய ஒரே தேர்வில் 50க்கு 40, அதாவது 80 விழுக்காடு. 25க்கு அது 20. நம் காகிதப் பதிவேட்டில் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் ‘வரவில்லை’ என்று நமக்குப் புரிந்துவிடும், ஆனால் மென்பொருளுக்கு வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. நீங்கள் 0 என்று இட்டிருந்தால் அவளுக்குப் 10தான் வந்திருக்கும்.

மூடுலின் மதிப்பெண் பதிவேடான கிரேட்புக்கின் அமைப்பில், மொத்தம் கணக்கிடும் பகுதியைத் திறந்தால் ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்றொரு தெரிவு இருக்கும். அதில் குறி இருக்கும் வரை காலிக் கட்டங்கள் கணக்கில் சேரா. குறியை நீக்கினால் ஒவ்வொரு காலிக் கட்டமும் பூஜ்யமாக எண்ணப்படும். அதற்காக இன்றே போய் நீக்கிவிடாதீர்கள். பருவத்தின் நடுவில் நீக்கினால், இனிமேல் நடக்கவிருக்கும் தேர்வுகளும் ஒப்படைப்புகளும் சேர்ந்து பூஜ்யமாகி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் மொத்தமும் தரைமட்டமாகத் தெரியும். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, இரவு பத்து மணி வரை பெற்றோரின் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசித் தேர்வின் மதிப்பெண்கள் ஏறிய பிறகு நீக்குவதே சரி.

அதைவிட நேர்மையான வழி, வராதவர்களுக்கு அந்தந்தத் தேர்வு முடிந்த உடனேயே 0 இட்டுவிடுவது. ஒரு தேர்வின் எல்லாக் கட்டங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் ‘சிங்கிள் வியூ’வில், காலியானவற்றுக்கு மட்டும் ஒரே மதிப்பெண்ணை மொத்தமாக நிரப்பும் வசதி உண்டு. மருத்துவ விடுப்பிலோ என்.சி.சி. முகாமிலோ இருந்து, துறை விலக்கு அளித்த மாணவியின் கதை வேறு. அவளுடைய அந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் திறந்து ‘எக்ஸ்க்ளூடட்’ என்று குறித்தால், அவள் கணக்கிலிருந்து மட்டும் அந்தத் தேர்வு விலகும். வராதவளையும் விலக்குப் பெற்றவளையும் ஒரே வெற்றிடத்தில் நிறுத்தியதுதான் இங்கே நேர்ந்த தவறு. துறைத் தலைவருக்கு இந்த ஒரு வரியை எழுதினால் போதும்.

கேள்வி: இணையவழித் தேர்வில் ஒரு வினாவுக்கு விடைக்குறிப்பைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். பிறகு திருத்தி ‘ரீகிரேட்’ (மறுமதிப்பீடு) செய்தேன். பெரும்பாலோருக்கு மதிப்பெண் மாறியது; ஐந்தாறு பேருக்கு மட்டும் பழைய எண்ணே நிற்கிறது.
— கௌரவ விரிவுரையாளர் ஒருவர், வியாசர்பாடி

பதில்: அந்த ஐந்தாறு பேரும் உங்களிடம் முதலில் வந்து முறையிட்டவர்களாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அவர்களைச் சமாதானப்படுத்த, கிரேட்புக்கில் நேரடியாக ஒரு மதிப்பெண்ணைத் தட்டியிருப்பீர்கள். ஆசிரியர் கையால் இட்ட எண்ணை மூடுல் ‘ஓவர்ரிடன்’ என்று குறித்துக்கொள்ளும்; அதன்பின் தேர்விலிருந்து எந்தப் புதிய மதிப்பெண் வந்தாலும் அதை மாற்றாது. அந்தக் கட்டங்கள் வேறு நிறத்தில் தெரியும். ஒவ்வொன்றையும் திறந்து அந்தக் குறியை எடுத்துவிட்டால் சரியான எண் தானாக வந்து அமரும். அடுத்த முறை, ரீகிரேட் செய்யுமுன் ‘டிரை ரன்’ என்னும் ஒத்திகை கொடுத்து, யாருக்கு எவ்வளவு மாறும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சொல் விடை கேட்கும் வினாவுக்கு ‘ஔவையார்’ என்று விடை கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்குத் தவறு என்று வந்துவிட்டது. அவர்கள் எழுதியதைத் திரையில் பார்த்தால் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.
— தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர், தாம்பரம்

பதில்: கண்ணுக்குத் தெரியாததுதான் இதில் சிக்கல். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் ‘ஒ’ தட்டி, அடுத்து ‘ள’ தட்டி, ‘ஒளவையார்’ என்று எழுதியிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு ‘ஒளி’யில் வரும் ஒகரமும் ளகரமும்தான் அது. உயிர்மெய்யிலும் இதே வினைதான்: ‘கௌரவம்’ என்பதன் முதலெழுத்தைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவோர் பலர். (உங்களுக்கு முன் கேள்வி கேட்ட நண்பரின் பதவிப் பெயரே அதற்குச் சான்று, அவர் மடலில் அப்படித்தான் இருந்தது, நான் திருத்தினேன்.)

‘கொ’ போன்றவற்றை இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும் என்றாலும், அவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு விதித்திருப்பதால் அங்கே தொல்லை வருவதில்லை. ளகரம் போட்ட ‘ஒள’வுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே, விடைப் பட்டியலில் ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ இரண்டையும் நூறு விழுக்காட்டுக்குச் சேர்த்து ரீகிரேட் செய்யுங்கள். ‘அவ்வையார்’ என்று எழுதியவருக்கு என்ன தருவது என்பது உங்கள் துறையின் வழக்கு. என்னைக் கேட்டால் முழு மதிப்பெண்ணே தருவேன். எந்த எழுத்துக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி போட்டு ‘*வையார்’ என்று சுருக்கிவிடலாம் என்று தோன்றும். ‘பாவையார்’ என்றாலும் சரி என்று சொல்லிவிடும், வேண்டாம்.

கேள்வி: எக்செலில் மதிப்பெண்களை இட்டு சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) ஏற்றினால் மூடுல் ஒரு மாணவரையும் அடையாளம் காணவில்லை. எங்கள் பதிவெண் 12 இலக்கம்.
— பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர், கிண்டி

பதில்: அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், எல்லாருடைய பதிவெண்ணும் 3.12E+11 என்பதுபோல ஒன்றாகவே நிற்கும். 11 இலக்கத்தைத் தாண்டிய எண்ணை எக்செல் இப்படிச் சுருக்கிக் காட்டும், சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது, காட்டியதையே எழுதிவிடும். சேமித்து மூடியபின் இலக்கங்கள் திரும்பி வாரா. மூலக் கோப்பில் அந்த நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்றோ, புள்ளி இல்லாத முழு எண் என்றோ மாற்றிவிட்டுச் சேமியுங்கள். பெயர்கள் தமிழில் இருந்தால் ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்தாம் ஏறும்.

கேள்வி: மழையில் மின்சாரம் போய், ஒரு மாணவருக்குத் தேர்வின் நடுவில் இணைப்பு அறுந்தது. எழுதியது போய்விட்டதா?
— வாசகர் ஒருவர், வேளச்சேரி

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. வழக்கமான அமைப்பில் விடைகள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகச் சேமிக்கப்படுகின்றன. மாணவர் மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கடிகாரம் சர்வரில் ஓடுவதால், இருட்டில் கழிந்த நிமிடங்களும் அவர் கணக்கில் கழிந்தவையே. அவர் ஒருவருக்கு மட்டும் ‘யூசர் ஓவர்ரைடு’ போட்டு, இழந்த நிமிடங்களைக் கால வரம்பில் கூட்டுங்கள். தேர்வு முடியும் நேரத்தையும் அதே அளவுக்குத் தள்ளிவையுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் தேர்வு பழைய நேரத்திலேயே மூடிக்கொள்ளும்.