ஒப்புக்கொடுத்த பின்பும் தோற்கிறேனே!

கேள்வி: எனக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறேன். வாலிபர் கூடுகையில் கண்ணீரோடு என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். ஆனாலும் இரவு ஒரு மணி வரை கைப்பேசியைக் கீழே வைக்க முடிவதில்லை. காலையில் தம்பி என் பேனாவைத் தொட்டாலே கை ஓங்கிவிடுகிறேன். என் விசுவாசமே பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புத் தம்பி, நீங்கள் இரண்டு தோல்விகளாக எழுதியிருப்பவற்றை நான் ஒன்றாகவே பார்க்கிறேன். இரவில் தொலைத்த தூக்கம்தான் காலையில் கோபமாக வெளிப்படுகிறது. உணர்ச்சியை நிதானிக்கும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறது மருத்துவம். இதைச் சாக்காகச் சொல்ல முடியாது. ஆனால் வளர வேண்டிய ஒன்று இன்னும் முழுதாக வளரவில்லை என்பதற்காக விசுவாசத்தையே பொய் என்று தீர்த்துவிடவும் வேண்டாம். கலாத்தியர் 5ஆம் அதிகாரம் இச்சையடக்கத்தை ஆவியின் கனி என்கிறது. பேதுருவின் இரண்டாம் நிருபமோ அதை அதிக ஜாக்கிரதையோடு கூட்டி வழங்கச் சொல்கிறது. தேவன் தருகிறார் என்பதும் நாம் உழைக்க வேண்டும் என்பதும் வேதத்தில் சேர்ந்தேதான் வருகின்றன.

தாவீதைப் பாருங்கள். 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில், தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் எங்கேதி குகையில் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவன் சால்வையின் தொங்கலை அறுத்ததற்கே மனம் வாதிக்கப்பட்டவர் அவர். அதே தாவீது அடுத்த அதிகாரத்தில், ஆட்டுமயிர் கத்தரிப்பு விருந்து நாளில் நாபால் என்ற செல்வந்தன் உணவு தர மறுத்து இழிவாகப் பேசினான் என்பதற்காக, 400 பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டு ஆண்கள் அனைவரையும் அழிக்கப் புறப்பட்டார். பெரிய சோதனையில் நின்றவர் ஒரு சுடுசொல்லில் விழப்போனார். வழியில் நாபாலின் மனைவி அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து, தரையில் விழுந்து பேசியபோது, அவர் அந்தச் சொல்லுக்குச் செவிகொடுத்தார். தன்னை இரத்தம் சிந்தாதபடி தடுத்ததற்காக அவளையும், அவளை அனுப்பிய கர்த்தரையும் வாழ்த்தினார். அடக்கம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடுவது என்று வாலிபர்கள் பலர் நினைக்கிறார்கள். தன்னைத் தடுக்க வருகிறவருக்கு இடங்கொடுப்பதும் அடக்கமே என்பது என் உறுதியான எண்ணம்.

தானியேலும் பாபிலோன் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தன் இருதயத்தில் முன்னதாகவே தீர்மானம் செய்துகொண்டார். பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி மேல்விசாரணைக்காரனிடம் கேட்டபோது, அவருடைய மூன்று தோழர்களும் அவரோடு இருந்தார்கள்.

ஆகவே, நள்ளிரவில் எடுக்கும் தீர்மானத்தை நம்பாதீர்கள். இரவு குடும்ப ஜெபம் முடிந்தவுடன் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பாடக் குறிப்புகள் அதில் இருந்தால், அதற்கு முன்பே நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் போதகரிடமோ வாலிபர் கூடுகையை நடத்தும் அண்ணனிடமோ முதலில் பேசுங்கள். தம்பியிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். ஓர் இரவு தவறிப்போனால், மறுநாள் காலையில் ஆண்டவரிடம் அதை அறிக்கையிட்டு, அன்றிரவே மறுபடியும் கைப்பேசியை அம்மாவிடம் கொடுங்கள்.