யாருமே வரவில்லையா?

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 27 வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காமிக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறவன் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

கல்லூரி விடுதியில் 'வாட்ச்மென்' காமிக்ஸ் படித்தேன். அன்றிலிருந்து, அதில் முகமூடி போட்டுக்கொண்டு குற்றவாளிகளை வேட்டையாடுகிற ரோர்ஷாக் என் ஆள். என் போனில் வால்பேப்பர் அவன் முகமூடிதான். அதில் வருகிற மற்றவர்கள் கடைசியில் ஒரு பெரிய பொய்யோடு ஒத்துப்போகிறார்கள். அவன் ஒருத்தன்தான் உயிரே போனாலும் சமரசம் கிடையாது என்கிறான். போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "இவனைப் பிடிக்கும்னு சொல்றவங்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். எழுதினவரே இவன் மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினார்" என்றார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது, வட்டிக்குக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாருமே வரவில்லை. அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் தங்கையும் அன்று ராத்திரி மாடி வீட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுப் படுத்தோம். அந்த நாலு பேரையும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு கிடந்தேன். ரோர்ஷாக்கைப் படித்தபோது, அந்த ராத்திரி என் மண்டைக்குள் இருந்தவனை யாரோ வரைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவனில் என்னைப் பார்ப்பது தப்பா சார்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

தப்பில்லை. இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அடிவாங்குவதைப் பார்த்து நின்ற ஒரு பையனுக்கு, அன்று ராத்திரி மண்டைக்குள் ஒருவன் எழுந்து நின்றான் என்றால், அவன் அந்தப் பையனைத் தாங்கிப் பிடிக்கத்தான் வந்தான். அதை வைத்து உங்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

நண்பர் சொன்ன தகவல் சரிதான். 1986-87இல் 12 இதழ்களாக வந்த 'வாட்ச்மென்' கதையை ஆலன் மூர் எழுதினார், டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். ரோர்ஷாக்குக்கு முன்னோடிகளில் ஒருவன், காமிக்ஸ் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ 1967இல் உருவாக்கிய மிஸ்டர் ஏ என்ற பாத்திரம். அந்த ஆள் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஓர் அட்டை வைத்திருப்பான். நல்லது, கெட்டது, நடுவில் எதுவும் கிடையாது. அப்படி ஒருவனை நிஜமான நியூயார்க் தெருவில் நடக்கவிட்டால் என்ன ஆவான் என்று மூர் யோசித்தார். குளிக்காமல், அடுத்தவர் சமையலறையில் டப்பா பீன்ஸைச் சூடுகூடப் பண்ணாமல் தின்றுகொண்டு இருப்பான் என்று காட்டினார். அப்புறம் வாசகர்கள் அவரிடமே வந்து "நான்தான் ரோர்ஷாக்" என்று சொன்னபோது, அவர்களிடமிருந்து விலகிப் போகத்தான் தோன்றியது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மூர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை. எச்சரிக்கையாக வைத்தவனின் கையில்தான் அவர் டைரியையும் கொடுத்தார். முதல் இதழ் தொடங்குவதே அவன் டைரியில்தான். ஒருவனுடைய டைரியைப் படித்துக்கொண்டே அவன் பின்னால் நடக்கிறவனுக்கு, அவன் பார்ப்பதுதான் தெரியும். அப்படிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, ஏன் கூட வந்தாய் என்று கேட்பது நியாயமாகப் படவில்லை.

சரி, உங்கள் வால்பேப்பருக்கு வருவோம். அந்த முகமூடி எந்தத் துணி என்று ஞாபகம் இருக்கிறதா? ஆறாவது இதழில் வருகிறது. ரோர்ஷாக் அப்போது வால்டர் கோவாக்ஸ் என்ற பையன், துணி தைக்கும் இடத்தில் வேலை. இரண்டு ரப்பர் படலங்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையும் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாளும் கலக்காத ஒரு புதுத் துணி. அதில் ஒரு பெண் உடை தைக்கச் சொல்கிறாள், பிடிக்கவில்லை என்று வாங்காமல் விட்டுவிடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து அவள் கொலையான செய்தியை அவன் பேப்பரில் பார்க்கிறான். நாற்பது பேர் அளவுக்கு அலறலைக் கேட்டார்கள், ஒருவரும் எதுவும் செய்யவில்லை என்று செய்தி. மனித ஜென்மம் என்பதற்கே வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போய் மிச்சத் துணியை முகமாக வெட்டிக்கொள்கிறான். ஆக, 'யாருமே வரவில்லை' என்பதில் தைத்ததுதான் அந்த முகமூடி. உங்களுக்கு அவன் ஏன் அவ்வளவு கிட்ட வந்தான் என்று இப்போது புரிகிறது.

அந்தப் பெண் கற்பனை இல்லை. கிட்டி ஜெனோவீஸ், 28 வயது, ஒரு மதுக்கடையின் மேலாளர். 1964 மார்ச் 13 விடிவதற்கு முன்னால் வேலை முடிந்து, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸில் இருந்த வீட்டுக்கு வரும்போது குத்தப்பட்டாள். இரண்டு வாரம் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில், 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியது. உலகம் முழுக்க அது பரவியது. பாடப் புத்தகங்களில் ஏறியது. கூட்டத்தில் நிற்கும் மனிதன் ஏன் உதவுவதில்லை என்ற உளவியல் ஆராய்ச்சியே இந்தச் சம்பவத்திலிருந்துதான் கிளம்பியது.

அந்தச் செய்தி பாதி பொய். கேட்டவர்களில் பலருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தினார், கொலைகாரன் ஓடினான், பிறகு திரும்பி வந்தான். இரண்டாவது முறை தாக்கியது கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டின் அடியில். கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்ட ஒருவரும் இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சோஃபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண் விஷயம் தெரிந்ததும், கொலைகாரன் இன்னும் அங்கேதான் நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் ஓடினார். ரத்தத்தில் கிடந்த கிட்டியை மடியில் எடுத்துப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. முதல் பக்கச் செய்தியில் இந்தப் பெண் இல்லவே இல்லை. சாட்சிகளின் எண்ணிக்கை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று அந்தப் பத்திரிகையே 2016இல்தான் எழுதியது.

இதில் என்னால் தாங்க முடியாத ஒரு பகுதி உண்டு. கிட்டியின் தம்பி வில்லியம், அக்கா செத்தபோது பள்ளிக்கூடப் பையன். அந்த 38 பேரைப் போல வேடிக்கை பார்ப்பவனாக இருக்கக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துதான் அவர் மரைன் படையில் சேர்ந்தார். வியட்நாமில் இரண்டு கால்களும் போயின. பல பத்தாண்டுகள் கழித்து, சக்கர நாற்காலியில் வீடு வீடாகப் போய் விசாரித்தபோதுதான் அக்கா தனியாகச் சாகவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. 2015இல் வந்த ஆவணப்படத்தில் இது பதிவாகியிருக்கிறது. 'யாருமே வரவில்லை' என்ற ஒரு வரியை நம்பி அந்தக் குடும்பம் அத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது.

இப்போது முதல் இதழின் மதுக்கடைக் காட்சியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ரோர்ஷாக் உள்ளே வருகிறான். ஒருவன் அவன் நாற்றத்தைப் பற்றி ஏதோ சொல்கிறான். ரோர்ஷாக் அவன் கையைப் பிடித்து, கதையின் தொடக்கத்தில் கொலையான பிளேக்கைக் கொன்றது யார் என்று கேட்டபடி சுண்டுவிரலை ஒடிக்கிறான். அப்புறம் ஆட்காட்டி விரலை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எழுந்து போய்விடுகிறான். நானும் முதல் தடவை அந்தப் பக்கத்தை ரசித்துத்தான் படித்தேன். மறுவாசிப்பில்தான் பின்னால் இருக்கிற முகங்கள் கண்ணில் பட்டன. ஒரு கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் மேல் வந்த வெறுப்பில் முகமூடி போட்டவன், போகிற இடமெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களை உண்டாக்குகிறான். உங்கள் அப்பா அடிபட்ட தெரு இந்தக் கடையில் இருக்கிறது. நீங்கள் அதில் எந்த ஆள் என்று யோசித்துப் பாருங்கள். விரல் ஒடிந்தவனின் பையன் அந்தப் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. எனக்கு 19 வயதில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒருவனைப் பிக்பாக்கெட் என்று பிடித்துத் தூணில் துண்டால் கட்டிவைத்திருந்தார்கள். நமக்கு இதற்கு ஒரு பேர் இருக்கிறது, தர்ம அடி. அடிக்கு முன்னால் தர்மத்தை ஒட்டவைத்திருக்கிறோம். கூட்டத்தில் நான் முன்வரிசை. பக்கத்தில் நின்ற பெரியவர் "நீயும் ஒண்ணு வை தம்பி" என்றார். வைத்தேன். கன்னம் வியர்வையில் வழுக்கியது, அடி காதில் விழுந்தது. உள்ளங்கை சூடாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாரம் எனக்கு வேறொரு இடத்தில் பெரிய அவமானம் நடந்திருந்தது, திருப்பிக் கொடுக்க முடியாத ஆட்களிடம். அந்தக் கணக்கு இவன் கன்னத்தில் தீர்ந்தது. அவன் பர்ஸை எடுத்தானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

பனிஷர் கதையும் கொஞ்சம் இப்படித்தான் போனது. 1974இல் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் ஜெரி கான்வே உருவாக்கிய பாத்திரம். குடும்பத்தைப் பறிகொடுத்த முன்னாள் ராணுவத்தான், சட்டம் கைவிட்டதால் துப்பாக்கி எடுத்தவன். அவனுடைய மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்காவில் போலீஸ்காரர்களே வண்டியில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது கான்வே வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். 2019இல் வந்த ஓர் இதழில் பனிஷரே அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப்போடுகிறான். நீங்கள் சட்டத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்தவர்கள், முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவிடம் போங்கள் என்கிறான். கேட்டவர்கள் குறைவு. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அந்த மண்டையோடு தெரிந்தது.

சமரசம் செய்யாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்டார்டிகாப் பனியில் முகமூடியைக் கழற்றிவிட்டு, அழுத முகத்தோடு சாவை ஏற்கிற அந்தக் கடைசிக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைக்கும். அந்த நேர்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவன் சின்ன வயதில் எழுதிய கட்டுரை ஒன்று ஆறாவது இதழின் பின்பக்கங்களில் இருக்கிறது. ஜப்பான் மேல் அணுகுண்டு போட்டதால் ட்ரூமன் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார், அதனால் அவரைப் பிடிக்கும் என்று எழுதுகிறான். பலரைக் காப்பாற்றச் சிலரைக் கொல்லலாம் என்ற அதே கணக்கை, அணுப்போரைத் தடுக்கப் பாதி நியூயார்க்கைக் கொன்றுவிட்டுப் பொய்யால் மூடுகிற ஓசிமாண்டியாஸ் போடும்போதுதான் உயிரே போனாலும் ஒப்ப மாட்டேன் என்கிறான். அவனுக்கும் சாம்பல் நிறம் இருந்தது. அது அவன் கண்ணில் படவில்லை.

நான் அவனை நேசிக்கிற இடம் வேறு. பத்தாவது இதழில், தன்னைப் பற்றிப் பத்திரிகையில் பொய் சொன்ன வீட்டுக்காரம்மாவிடம் கோபத்தோடு போகிறான். அவளை அசிங்கமான வார்த்தையில் திட்டுகிறான். அவள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம், அவர்களுக்குத் தெரியாது என்று கெஞ்சுகிறாள். அழுதுகொண்டிருக்கிற ஒரு பையன் நிமிர்ந்து பார்க்கிறான். ரோர்ஷாக் அந்த முகத்தையே பார்க்கிறான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறான். அந்தப் பையன் அவனேதான், பாலியல் தொழில் செய்த தாயின் அறைக்கு வெளியே நின்ற வால்டர். அடிவாங்குகிறவரின் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது இந்த ஒரு தடவைதான். அவனில் உங்களைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தக் கட்டத்தில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். "யாருமே வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி தள்ளி, அன்று ராத்திரி மாடி வீட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுப் படுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெருவில், அந்த நாலு பேருக்குத் தெரியும்படி, உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்த ஒருத்தர். அடி விழும்போது அவர் குறுக்கே போகவில்லைதான். ஆனாலும் அவர் பேரைக்கூட நீங்கள் எழுதவில்லை.

அன்று என்ன சோறு போட்டார், விளக்கை அணைத்தாரா, தங்கை அழுதாளா, அவர் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? தங்கையிடம் கேளுங்கள், அவளுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.